கலப்பை வந்தது, நுகத்தடி எங்கே?

கோடைக் காலத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் சென்றிருக்கிறீர்களா? வானம் பார்த்த பூமி. வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் போதும், அந்த ஈரம் காய்வதற்குள் நிலத்தை உழுது போட்டுவிடுவார்கள். விதைக்கப் போவது என்னவோ புரட்டாசி, ஐப்பசியில்தான். பிறகு இப்போதே எதற்கு உழவு? அடைமழை வரும்போது அதை வாங்கிக்கொள்ள மண் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அருப்புக்கோட்டை ஊருக்குள் வந்தால் நெசவாளர் தெருக்களில் இதே பாடத்தை வேறு வடிவில் காணலாம். தறியில் உட்கார்ந்து நாடாவை ஓட்டுவது கடைசி வேலை. அதற்கு முன் பாவு ஓட வேண்டும், கஞ்சி போட வேண்டும், உலர்த்த வேண்டும், பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தறி ஓடாது.

ஒரு வேலை தொடங்குவதற்கு முன்பே இருந்தாக வேண்டியவற்றை முன்தேவைகள் என்போம். உழவனும் நெசவாளியும் அறிந்த இந்தச் செய்தியைக் கணிப்பொறி உலகம் எவ்வளவு காலம் தடுமாறிக் கற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் தமிழ் எழுத்துகளே அந்தத் தடுமாற்றத்தில் சில ஆண்டுகள் சிக்கித் தவித்தன என்பதால், இது நமக்கும் நெருங்கிய கதை.

ஒரே தட்டில் அடங்கிய காலம்

1980-களில் டாஸ் என்னும் இயக்க முறைமையின் கீழ் ஓடிய நிரல்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை ஒன்றிரண்டு நெகிழ்தட்டுகளில் அடங்கிவிடும். தட்டைச் செருகி, கோப்புகளைப் படியெடுத்தால் வேலை முடிந்தது. நிரலுக்கு வேண்டியவை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

இதில் ஒரு வீண்செலவு உண்டு. பத்து நிரல்கள் இருந்தால், எழுத்தைத் திரையில் வரைவது, அச்சுப்பொறிக்குச் செய்தி அனுப்புவது போன்ற பொது வேலைகளுக்கான குறிமுறை பத்து முறை எழுதப்பட்டிருக்கும். தெருவில் பத்து வீடு இருந்தால் பத்துக் கிணறு தோண்டுவது போன்றது இது. ஊருக்குப் பொதுவாக ஒரு கண்மாய் வெட்டினால் என்ன?

1985-இல் வெளிவந்த விண்டோஸ் அதைத்தான் செய்தது. பொது வேலைகளைத் தனிக் கோப்புகளாகப் பிரித்து, பல நிரல்களும் பகிர்ந்துகொள்ளும்படி வைத்தது. டி.எல்.எல். என்று நிரலாளர்கள் சொல்வது இந்தப் பொதுக் கோப்புகளைத்தான். நிரல் ஓடும் வேளையில், தனக்கு வேண்டிய பொதுக் கோப்பைத் தேடி இணைத்துக்கொள்ளும். இதனால் இடம் மிச்சமாயிற்று. ஆனால், அதே நாளில் ஒரு புதிய கேள்வியும் பிறந்தது. நிரல் தேடும் பொதுக் கோப்பு அந்தக் கணிப்பொறியில் இல்லாவிட்டால்?

1991-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விஷுவல் பேசிக் என்னும் நிரலாக்கக் கருவியை வெளியிட்டது. எளிதில் கற்கக்கூடிய மொழி என்பதால் அது விரைவாகப் பரவியது. ஆனால் அதில் எழுதிய நிரல் தனியே ஓடாது. உடன் ஓர் ஓட்டநேரக் கோப்பும் இருக்க வேண்டும். 1998-இல் வந்த ஆறாம் பதிப்பிற்கான ஓட்டநேரக் கோப்பு மட்டும் ஏறத்தாழ ஒன்றேகால் மெகாபைட்டுக்கு மேல் இருந்தது. ஒரு நெகிழ்தட்டின் கொள்ளளவோ 1.44 மெகாபைட். நீங்கள் எழுதிய சிறு கணக்கு நிரல் ஐம்பது கிலோபைட்தான் என்றாலும், அதைத் தாங்கும் மேடைக்கு ஏறக்குறைய ஒரு தட்டு முழுவதும் வேண்டும்!

பொதுக் கண்மாயில் வந்த சண்டை

பொதுக் கண்மாய் என்றால் மடையைத் திறப்பதில் சண்டை வருவது இயல்பு. இங்கும் வந்தது.

ஒரு நிரலின் செட்டப், தன்னோடு கொண்டுவந்த பொதுக் கோப்பைக் கணிப்பொறியில் வைக்கும்போது, அங்கே ஏற்கெனவே இருந்த புதிய பதிப்பின் மேல் தன் பழைய பதிப்பை எழுதிவிடும். வந்த நிரல் நன்றாக ஓடும். நேற்றுவரை ஓடிய மற்றொரு நிரல் இன்று நின்றுவிடும். குற்றம் எங்கே என்று எவருக்கும் விளங்காது. நிரலாளர்கள் இதை டி.எல்.எல். நரகம் என்றே அழைத்தார்கள்.

இதிலிருந்து பிறந்த முதல் விதி எளியது: இருப்பதைப் பார்க்காமல் எதையும் வைக்காதே. கோப்பின் பதிப்பு எண்ணைப் பார், உன்னுடையது புதியதாக இருந்தால் மட்டும் மாற்று. 1997-இல் ஜோர்டன் ரஸ்ஸல் என்பவர் இலவசமாக வெளியிட்ட இன்னோ செட்டப் போன்ற கருவிகள் இத்தகைய சோதனைகளை எளிதாக்கின. 1999-இல் ஆஃபிஸ் 2000 தொகுப்புடன் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் பொது நிறுவு முறையை வெளியிட்டது. எந்தக் கோப்பை எந்த நிரல் வைத்தது என்று கணக்கு எழுதி வைப்பது அதன் வேலை. இடையில் ஏதேனும் தவறினால் பழைய நிலைக்கே திருப்பிவிடும் வசதியும் அதில் உண்டு.

கோப்பிலிருந்து மேடைக்கு

2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டாட்நெட் ஃபிரேம்ஒர்க் வெளியானது. ஃபிரேம்ஒர்க் என்பதைச் சட்டகம் என்று சொல்லலாம். முன்பு ஓரிரு பொதுக் கோப்புகள் முன்தேவையாக இருந்தன. இப்போதோ நினைவகத்தை ஒழுங்கு செய்வது முதல் சாளரங்களை வரைவது வரை ஆயிரக்கணக்கான வசதிகள் கொண்ட ஒரு பெரிய மேடையே முன்தேவையாகிவிட்டது. 2003-இல் 1.1, 2005-இல் 2.0, 2006-இல் 3.0, 2007-இல் 3.5, 2010-இல் 4 என்று பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன.

நிரல் எழுதுகிறவருக்கு இது பெரும் வசதி. ஆனால் அதை வாங்கி ஓட்டுகிறவரின் நிலை என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2006-இல், தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டும் ஒரு கணிப்பொறி மையத்தில் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மோடத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 56 கிலோபிட். உங்களுக்கு வேண்டிய நிரல் ஒரே ஒரு மெகாபைட். இரண்டரை நிமிடத்தில் இறங்கிவிடும். அது டாட்நெட் 2.0 வேண்டும் என்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 22 மெகாபைட். பிட் கணக்கில் சற்றேறக்குறைய 18 கோடியே 50 லட்சம். 56,000-ஆல் வகுத்தால் 3,300 வினாடி, அதாவது 55 நிமிடம். அதுவும் கம்பி ஒரு கணமும் தளராமல் உச்ச வேகத்திலேயே ஓடினால்! உண்மையில் எந்தக் கம்பியும் அப்படி ஓடுவதில்லை. அடுத்து வந்த 3.5 பதிப்பின் முழுத் தொகுப்பு ஏறத்தாழ 197 மெகாபைட். அதே கணக்கில் எட்டு மணி நேரத்துக்கும் மேல்.

அதோடு நிற்கவில்லை. 2.0 சட்டகத்தை ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறியில் வைக்க, அங்கே விண்டோஸ் இன்ஸ்டாலரின் 3.0 பதிப்பு முன்பே இருக்க வேண்டும். சட்டகத்துக்கு எக்ஸ்பியின் திருத்தத் தொகுப்பும் வேண்டும். ஒரு முன்தேவைக்கே இத்தனை முன்தேவைகள்! கலப்பை வாங்க வந்தவனிடம் நுகத்தடி எங்கே என்று கேட்டு, அதற்கு மரம் எங்கே என்று கேட்டு, கடைசியில் விதை ஊன்றச் சொன்ன கதையாக இது ஆயிற்று.

முன்னோடி நிரலின் வேலை

இந்தச் சங்கிலியை அவிழ்ப்பதற்கென்றே ஒரு சிறு நிரல் தேவைப்பட்டது. அதைப் பூட்ஸ்டிராப்பர் என்பார்கள். நாம் முன்னோடி நிரல் என்போம். நீங்கள் சொடுக்கும் செட்டப் கோப்பு பெரும்பாலும் இதுதான்.

‘முதன்மைச் செட்டப்பே முன்தேவையையும் நிறுவிக்கொள்ளக் கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு நிறுவலை மட்டுமே அனுமதிக்கிறது. ஒரு நிறுவல் நடக்கும்போது அது ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது. பூட்டு இருக்கும்வரை அடுத்த நிறுவல் வாசலில் காத்திருக்க வேண்டும். முதன்மை நிறுவல் பாதியில் நின்று சட்டகத்தின் நிறுவலை அழைத்தால், இது முடியும்வரை அது தொடங்காது, அது முடியும்வரை இது முடியாது. ஆகவே இரண்டுக்கும் வெளியே நிற்கும் ஒருவர் வேண்டும். முன்தேவைகளை வரிசையாக வைத்து முடித்துவிட்டு, அதன்பின் முதன்மை நிறுவலைத் தொடங்கி வைப்பவரே முன்னோடி நிரல்.

அதன் வேலை நான்கு படிகள் கொண்டது.

முதலாவது, கேட்டறிதல். வேண்டிய சட்டகம் இங்கே உண்டா? விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில், நிறுவப்பட்ட ஒவ்வொரு சட்டகமும் தன் அடையாளத்தை எழுதி வைக்கிறது. குறிப்பிட்ட இடத்தில் 1 என்ற எண் இருந்தால், சட்டகம் உண்டு என்று பொருள். இதிலும் ஒரு பொறி உண்டு. 2012-இல் வந்த 4.5 பதிப்பு, 4 பதிப்பின் இடத்திலேயே அமர்ந்துகொண்டது. எனவே 1 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இருப்பது எது என்று தெரியாது. அதற்காக வெளியீட்டு எண் ஒன்றையும் எழுதத் தொடங்கினார்கள். 4.5-க்கு உரிய எண் 378389. இந்த எண்ணுக்குச் சமமா என்று கேட்ட நிரல்கள், அடுத்த பதிப்பு வந்தபோது ‘சட்டகம் இல்லை’ என்று அடம்பிடித்தன. இந்த எண்ணுக்குக் குறையாமல் உள்ளதா என்று கேட்ட நிரல்கள் ஆண்டுகள் கடந்தும் பிழைத்தன. ஒரே ஒரு கணிதக் குறியின் வேறுபாடுதான்!

இரண்டாவது, தேடிக்கொடுத்தல். இல்லாத சட்டகத்தை எங்கிருந்து எடுப்பது? 2005-ஆம் ஆண்டின் விஷுவல் ஸ்டுடியோ, நிரலாளரிடம் மூன்று வழிகளைக் காட்டியது. சட்டகத்தை வெளியிட்டவரின் வலைத்தளத்திலிருந்து இறக்கலாம். செட்டப் கோப்புடன் அதே குறுந்தகட்டில் வைத்து அனுப்பலாம். வேறு ஓர் இடத்தைச் சுட்டலாம். நிரலாளர் எதையும் தொடாமல் விட்டால் முதல் வழியே தெரிவாகியிருக்கும்.

மூன்றாவது, விடையைப் புரிந்துகொள்ளுதல். நிறுவல் முடிந்ததும் ஓர் எண் திரும்பி வரும். 0 என்றால் வெற்றி. 3010 என்றால்? அதுவும் வெற்றிதான். ஆனால் கணிப்பொறியை ஒரு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்று பொருள். 0 அல்லாத எதுவும் தோல்வி என்று எழுதப்பட்ட முன்னோடி நிரல், நன்றாக முடிந்த வேலையைப் பார்த்து ‘தவறிவிட்டது’ என்று அறிவித்து வெளியேறிவிடும்.

நான்காவது, விட்ட இடத்திலிருந்து தொடர்தல். கணிப்பொறி நின்று மீண்டும் எழுந்ததும் பயனாளர் எதையும் தேடாமல் மீதி வேலை தானே தொடர வேண்டும்.

இந்த நான்கையும் ஒவ்வொரு நிரலாளரும் தாமே எழுதிக்கொண்டிருந்தார்கள். விக்ஸ் என்னும் கருவித்தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 2004-இல் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. 2012-இல் அதன் 3.6 பதிப்பில் பர்ன் என்னும் ஆயத்த முன்னோடி நிரல் சேர்ந்தது. டாட்நெட் முதன்முதலாக வந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு!

கட்டங்களாகத் தெரிந்த தமிழ்

இனி நம் கதைக்கு வருவோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு, 1991-இல் வெளியான தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. ஆனால் எண் கிடைத்தால் மட்டும் எழுத்து திரையில் வந்துவிடாது.

‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். யூனிகோடு முறையில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரையிலோ ஒற்றைக் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் நிற்க வேண்டும். ஒரு குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்துகிற இந்த வேலையைச் செய்ய ஒரு தனி இயந்திரம் வேண்டும். விண்டோஸில் அதன் பெயர் யூனிஸ்கிரைப். தமிழுக்கான எழுத்துருவும் வேண்டும். 2000-இல் வந்த விண்டோஸ் 2000, இந்த ஏற்பாட்டுடன் லதா என்னும் தமிழ் எழுத்துருவையும் தந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியும் தந்தது.

தந்தது என்றால், பூட்டிய பெட்டியில் வைத்துத் தந்தது. எக்ஸ்பியில் தமிழ் சரியாக வர, மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கல் எழுத்து மொழிகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிட்டதும் கணிப்பொறி விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்கும். தகடு எங்கே இருக்கும்? கணிப்பொறியை விற்றவரிடம் இருக்கலாம். பக்கத்து நகரத்தில் இருக்கலாம். எங்குமே இல்லாமலும் இருக்கலாம்.

தமிழ்வழியில் படிக்கும் ஒரு மாணவி, கணிப்பொறி மையத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கிறாள் என்று கொள்ளுங்கள். திரையில் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள், அல்லது கொம்பும் காலும் இடம் மாறிய எழுத்துகள். பக்கம் சரியாகவே இருக்கிறது, அவளுடைய தமிழும் சரியாகவே இருக்கிறது. நடுவில் ஒரு முன்தேவை இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் என்ன முடிவுக்கு வருவாள்? ‘கணிப்பொறியில் தமிழ் வராது, ஆங்கிலம் தெரிந்தால்தான் இதெல்லாம்’ என்ற முடிவுக்கு. ஒரு குறுந்தகடு இல்லாத குறை, ஒரு மொழியின் குறையாகத் தோன்றிவிடுகிறது. பெரிய இழப்பு இதுதான்.

நுகத்தடியோடு வந்த கலப்பை

தமிழில் தட்டெழுதவும் ஒரு கருவி வேண்டுமல்லவா? 2000-களின் தொடக்க ஆண்டுகளில் ‘தமிழா!’ என்னும் தன்னார்வக் குழுவின் சார்பில் முகுந்தராஜ் முதலியோர் ஒரு கருவியை இலவசமாக வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் இ-கலப்பை. உழவு நாட்டில் பிறந்தவர்களுக்கு வாயில் நிற்கும் பெயர்!

அந்தக் கலப்பை தனியே உழாது. கீமேன் என்னும் பொது விசைப்பலகை நிரல் அதன் முன்தேவை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின் உருவாக்கியது அது. எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து வர வேண்டும் என்ற விதிகளைத் தமிழர்கள் எழுதினார்கள். விதிகளைப் படித்துச் செயல்படுத்தும் வேலையைக் கீமேன் பார்த்துக்கொண்டது. நல்ல பங்கீடுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘முதலில் அந்த வலைத்தளத்திற்குச் சென்று கீமேனை இறக்குங்கள், பிறகு எங்களிடம் வாருங்கள்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரே செட்டப்பில் கீமேனையும் தமிழ் விசைப்பலகைகளையும் சேர்த்தே தந்தார்கள். நுகத்தடியோடு சேர்த்துக் கலப்பையைக் கொடுத்தது போல. நிறுவியவர்களில் பலர், உள்ளே இரண்டு நிரல்கள் இருப்பதையே அறியாமல் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். முன்தேவை ஒழுங்காகக் கையாளப்பட்டதற்கு அதுவே அடையாளம். பின்னாளில் கீமேனைச் சாராமல் இ-கலப்பை புதிதாக எழுதப்பட்டு, திறந்த மூலநிரலாகவும் வெளிவந்தது.

2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் ஓர் இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை வெளியிட்டது. எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கிகள், அலுவலகத் தொகுப்பு எல்லாம் ஒரே தட்டில் இருந்தன. கேட்டவர்களுக்கு அது அஞ்சலில் வந்தது. இணையக் கம்பி எட்டாத ஊருக்கும் தபால்காரர் எட்டுவார். இறக்க மணிக்கணக்காகும் மெகாபைட்டுகளை அவர் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்!

வங்காளத்தில் ஒரு மாணவரின் முடிவு

அண்டை நாடான வங்காள தேசத்திலும் இதே போராட்டம் நடந்தது. மருத்துவ மாணவரான மெஹ்தி ஹசன் கான், வங்க மொழியில் தட்டெழுத அவ்ரோ என்னும் கருவியை உருவாக்கி, 2003 மார்ச் 26 அன்று, அந்நாட்டின் விடுதலை நாளில் வெளியிட்டார். முதலில் அவர் அதை டாட்நெட்டில் எழுதினார். பயனாளர்கள் சட்டகத்தையும் சேர்த்து நிறுவ வேண்டியிருப்பதைக் கண்டதும், செய்த வேலையைப் பழைய விஷுவல் பேசிக்கிற்கு மாற்றினார். பிறகு டெல்ஃபை மொழியில் புதிதாகவே எழுதினார். டெல்ஃபையில் உருவாகும் நிரலுக்குப் பெரிய சட்டகம் எதுவும் வேண்டியதில்லை.

தமக்கு வசதியான கருவியைக் கைவிட்டு, பயனாளருக்கு வசதியானதைத் தேர்ந்தார் என்பதை நினையுங்கள். எக்ஸ்பியின் குறுந்தகடு இல்லாதவர்களுக்காக ஐகாம்ப்ளெக்ஸ் என்னும் சிறு நிரலையும் அவருடைய குழு வெளியிட்டது. தகடு கேட்காமலே சிக்கல் எழுத்து வசதியை அது நிறுவிவிடும். முன்தேவையைக் கையாள மூன்று வழிகள் உண்டு: சேர்த்துக் கொடுப்பது, இல்லாமலே செய்வது, தடையைத் தாண்டச் சிறு பாலம் கட்டுவது. இ-கலப்பை முதல் வழியில் தொடங்கியது. அவ்ரோ குழு மற்ற இரண்டையும் செய்துகாட்டியது.

வேறு ஊர், வேறு முறை

லினக்ஸ் உலகம் வேறு பாதையில் சென்றது. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், ஒவ்வொரு நிரல் தொகுப்பும் தனக்கு எவை எவை வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். சீட்டுகளைப் படித்து, சங்கிலி முழுவதையும் தொடர்ந்து, வேண்டிய அனைத்தையும் வரிசையாகக் கொண்டுவந்து வைப்பதற்கு ஆப்ட் என்னும் பொது நிரல் 1999-இல் டெபியனுடன் வந்தது. ஒவ்வொரு நிரலாளரும் தனித்தனி முன்னோடி நிரல் எழுத வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்து மடை திறந்து பாய்ச்சுவது போன்ற ஏற்பாடு இது. இந்தியாவின் சிடாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

விண்டோஸ் பக்கம், 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் இந்திய எழுத்துகள் தகடு கேட்காமல் தாமே வந்தன. கட்டங்கள் மறைந்தன. ஆனால் பழைய கதை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் டாட்நெட் 4.5 உடன் இருந்தது; பழைய 3.5 பதிப்பு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய நிரல் ஒன்றை ஓட்டினால், 3.5 வேண்டும், இணையத்திலிருந்து இறக்கவா என்று கேட்கும். இணையம் இல்லாவிட்டால்? மீண்டும் அதே விண்டோஸ் தகடு! புதியது இருந்தால் பழையதும் இருப்பதாகப் பொருள் இல்லை என்பதை நிரலாளர்கள் மறுபடியும் கற்றார்கள்.

2016-இல் வந்த டாட்நெட் கோர், சட்டகத்தையும் நிரலோடு சேர்த்தே கட்டித் தரும் வழியைத் திறந்தது. இதில் செட்டப் பெரிதாகும். ஆனால் எதையும் தேட வேண்டாம். 1980-களின் ஒற்றைத் தட்டுக்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டோம் எனலாம். பத்துக் கிணறா, ஒரு கண்மாயா என்ற பழைய வழக்கு இன்னும் முடியவில்லை.

கடைமடைக்குத் தண்ணீர்

கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் கடைமடை என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர் வயலில் நீர் நிற்கும்போது, கடைமடைக்காரர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்மாய் நிறைந்ததா என்று அறிய விரும்பினால், கலுங்கை மட்டும் பார்த்தால் போதாது. கடைசி வயலையும் பார்க்க வேண்டும்.

முன்தேவையின் கதையும் இதுதான். நிரல் எழுதுகிறவரின் கணிப்பொறியில் எல்லாச் சட்டகங்களும் எப்போதும் இருக்கும். அவருக்கு ஒருநாளும் ‘இல்லை’ என்ற செய்தி வராது. ‘இணையத்திலிருந்து இறக்கிக்கொள்’ என்ற முதல் வழியைத் தொடாமல் விட்டாலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் செலவு மறைந்துவிடவில்லை. வாய்க்கால் வழியே நகர்ந்து, வேகம் குறைந்த கம்பியும் பழைய கணிப்பொறியும் உள்ள கடைசி ஊருக்குப் போய்ச் சேர்கிறது. நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் எதையும் நிறுவ முடியாத பள்ளிக் கணிப்பொறியின் முன்னே அமர்ந்த பிள்ளையின் தலையில் அது விழுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் நாளை நிரல் எழுதுவீர்கள். செட்டப்பைக் கட்டி முடித்ததும், அதை உங்கள் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். எதுவும் நிறுவப்படாத ஒரு கணிப்பொறியில், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்ன கேட்கிறது? கேட்பதைத் தமிழில், ஒரு மாணவருக்கு விளங்கும்படி கேட்கிறதா? கேட்டது கையில் இல்லாவிட்டால் மாற்று வழி சொல்கிறதா? பாதியில் நின்றால், இருந்ததைக் கெடுக்காமல் திரும்புகிறதா?

கோடையில் உழுது போட்ட நிலத்தைப் பார்த்து, ‘மழையே இல்லை, எதற்கு இந்த வேலை?’ என்று வழிப்போக்கர் கேட்கலாம். திருச்சுழிப் பக்கத்து உழவர் பதில் சொல்லமாட்டார். ஐப்பசியில் பெய்யும் முதல் மழை அதற்குப் பதில் சொல்லிவிடும்.